தெள்ளு புராணம்: மனுஷனைக் கடிக்கிற ஒரு பூச்சியின் பதினாறு கோடி வருஷக் கதை

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. முக்கியமா கால் விரல் சம்பந்தப்பட்ட பத்தி வரும்போது. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்.

பேன் எல்லாருக்கும் தெரியும். மூட்டைப்பூச்சியை, மேன்ஷன்ல குடியிருந்த பேச்சிலர் மக்களுக்கு அறிமுகப்படுத்தவே வேணாம். உண்ணியை மாட்டு மேல, நாய் காதுல பார்த்திருப்போம். இந்தக் கூட்டத்துல எப்பவும் அடையாளம் தெரியாம தப்பிச்சுப் போறவர் ஒருத்தர் இருக்கார். தெள்ளு. தெள்ளுப்பூச்சின்னும் சொல்லுவாங்க. நாய் மேல கையை வெச்சா டக்குனு ஒரு கறுப்புப் புள்ளி குதிச்சுக் காணாமப் போகுமே, அதான். பாதிப் பேர் அதையும் உண்ணின்னே சொல்லிட்டுப் போயிடறோம். உண்ணிக்கு எட்டுக் கால், சிலந்தி வகையறா. தெள்ளுக்கு ஆறு கால், சுத்தமான பூச்சி. ரெண்டும் ரத்தம் குடிக்குங்கிறதைத் தவிர வேற ஒட்டு உறவு இல்ல.

அது எதுவா இருந்தா நமக்கென்ன, நசுக்கினா போச்சுங்கிறீங்களா? ஒரு தெள்ளு இன்னொரு தெள்ளுல இருந்து எப்படி வேறுபடுதுங்கிற, யாருக்கும் வேணாத ஒரு கேள்விக்குப் பின்னாடி லட்சக்கணக்கான உயிர்கள் இருந்திருக்கு. நம்ம சென்னையும் கொழும்பும் கூட இந்தக் கதைல வருது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

நண்டோட ஒரே ஃபோல்டர்ல

உயிரினங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸ், 1758-ல வந்த தன்னோட புத்தகத்தின் பத்தாம் பதிப்புல தெள்ளுக்கும் ஒரு இடம் கொடுத்தார். புலெக்ஸ்னு ஒரு பேரினம். அதுக்குள்ள ரெண்டே ரெண்டு இனம். ஒண்ணு புலெக்ஸ் இரிட்டன்ஸ், அதாவது எரிச்சல் மூட்டுறது. இன்னொண்ணு புலெக்ஸ் பெனட்ரன்ஸ், அதாவது துளைச்சு உள்ளே போறது. ரெண்டுமே மனுஷனைக் கடிக்கிற ஆசாமிகள்.

அது வரைக்கும் சரி. இந்தப் புலெக்ஸை அவர் எந்தப் பெரிய பிரிவுல போட்டார் தெரியுமா? றெக்கை இல்லாததுகளுக்குன்னு ஏப்டெரான்னு ஒரு பிரிவு. அதுல பேன், கரையான், தேள், சிலந்தி, பூரான் எல்லாம் இருந்தது. நண்டும் இருந்தது! நம்ம டெஸ்க்டாப்ல எங்க வைக்கிறதுன்னு தெரியாத ஃபைலை எல்லாம் 'நியூ ஃபோல்டர்'ல போட்டு வைப்போமே, அதே கதைதான்.

றெக்கை இல்லைங்கிறது ஒரு அடையாளமே இல்லைங்கிறது பிற்பாடு புரிஞ்சது. 1825-ல பிரெஞ்சுக்காரர் லாத்ரேய் இதுகளுக்குத் தனி வரிசை கொடுத்து சைஃபனாப்டெரான்னு பேர் வெச்சார். உறிஞ்சு குழாய் உள்ள, றெக்கை இல்லாத பூச்சின்னு அர்த்தம். அந்தப் பேர் இன்னிக்கு வரைக்கும் நிலைச்சிருக்கு. இப்போ அந்த வரிசைல ஏறக்குறைய 2500 இனங்கள் இருக்கு. மிகப் பெரும்பாலானவை பாலூட்டிகள் மேலதான் வாழுது. கொஞ்சம் மட்டும் பறவைகள் மேல.

இதுல நம்மைக் கடிக்கிற முக்கியமான ஆட்கள் எல்லாரும் ரெண்டு குடும்பத்துக்குள்ள அடங்கிடறாங்க. புலிசிடே (நம்ம புலிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க), அப்புறம் துங்கிடே. வரிசையா சொல்லிடறேன்:

1. புலெக்ஸ் இரிட்டன்ஸ்: 'மனிதத் தெள்ளு'ன்னு பட்டப்பேர்.
2. டெனோசெஃபலைடிஸ்: நாய்த் தெள்ளு, பூனைத் தெள்ளு. தலைல சீப்பு மாதிரி முள் வரிசை இருக்கும். பூனைத் தெள்ளுதான் இன்னிக்கு உலகம் முழுக்க வீடுகள்ல அதிகம். பேர்தான் பூனை, நாய் மேலயும் அதுதான் இருக்கும். இந்திய நாய்கள் மேல ஓரியன்டிஸ்னு இதோட ஒரு பங்காளி நிறைய.
3. செனாப்சில்லா: எலித் தெள்ளு. கதையின் வில்லன். பின்னால வருவார்.
4. துங்கா பெனட்ரன்ஸ்: லின்னேயஸ் சொன்ன அந்தத் துளைக்கிற ஆசாமி. இப்போ தனிக் குடும்பம், தனிப் பேர்.

றெக்கை போன கதை

தெள்ளோட வாழ்க்கையைப் பாருங்க. முட்டை, புழு, கூட்டுப்புழு, அப்புறம் பூச்சி. பட்டாம்பூச்சி, ஈ, கொசு மாதிரி முழு உருமாற்றம். பேனுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் இது கிடையாது. அதுங்க குஞ்சு பொரிக்கும்போதே சின்ன சைஸ் அப்பா அம்மா மாதிரிதான் இருக்கும். அதனால தெள்ளுக்குப் பேனோட எந்தக் குடும்ப உறவும் கிடையாது. ஈ, கொசு இருக்கிற பக்கம்தான் சொந்தக்காரங்களைத் தேடணும்.

அப்படின்னா இதோட முன்னோருக்கு றெக்கை இருந்திருக்கணும். அதுக்குச் சாட்சி எங்க இருக்குன்னா, அது குதிக்கிற குதில. பறக்கிற பூச்சிகளோட றெக்கை மூட்டுல ரெசிலின்னு ஒரு ரப்பர் மாதிரியான புரதம் உண்டு. 1960 வாக்குல டார்கல் வைஸ்-ஃபோக்னு ஒரு விஞ்ஞானி வெட்டுக்கிளி றெக்கையைப் பிரிச்சுப் பார்க்கும்போது கண்டுபிடிச்சது. 1967-ல பென்னட்-கிளார்க், லூசின்னு ரெண்டு பேர், தெள்ளு குதிக்கிறதும் இதே ரெசிலினாலதான்னு காட்டினாங்க. தெள்ளு முதல்ல அந்த ரப்பரை மெதுவா அழுத்தி, கொக்கி போட்டுப் பிடிச்சுக்குது. அப்புறம் கொக்கியை விட்டதும் ஒரு மில்லிசெகண்டு அளவுல ஆள் ஏர்ல இருக்கார். வெறும் தசையால இந்த வேகம் முடியாது. அந்த ரப்பர் திண்டு உட்கார்ந்திருக்கிற இடம், பறக்கிற பூச்சிகள்ல றெக்கை கீல் இருக்கிற அதே இடம். அதாவது றெக்கை போயிடுச்சு, றெக்கைக்கான ஸ்பிரிங் மட்டும் காலுக்கு வேலை பார்க்குது. பழைய ப்ராஜெக்ட் செத்துப் போனாலும் அதோட லைப்ரரியை மட்டும் எடுத்துப் புதுசுல போட்டுக்குவோம் இல்லையா, இயற்கையும் அதே ஜாதிதான் :-)

சரி, றெக்கை இருந்த அந்தத் தாத்தா யாரு? 2002-ல மைக்கேல் வைட்டிங்னு ஒரு அமெரிக்கப் பூச்சியியலாளர் மரபணுக்களை வெச்சு ஒரு பதில் சொன்னார். தேள்-ஈக்கள்னு ஒரு வரிசை உண்டு. சில ஆண் ஈக்களுக்கு வால் பக்கம் தேள் கொடுக்கு மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால அந்தப் பேர். அதுல பனி மேல குதிச்சுத் திரியற, பறக்க முடியாத ஒரு சின்னக் குடும்பம் இருக்கு. தெள்ளுக்கு அதுதான் நெருங்கின சொந்தம்னார். 2020-ல இன்னொரு குழு இன்னும் நிறைய மரபணுக்களைப் போட்டுப் பார்த்துட்டு, பனி ஈ இல்லப்பா, நானோகோரிஸ்டிடேன்னு சிலே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் இருக்கிற வேற ஒரு தேள்-ஈக் குடும்பம்தான் சொந்தம்னாங்க. வேற சிலர் அதையும் ஒத்துக்கல. சண்டை இன்னும் முடியல. ஆனா ஒரு விஷயம் வேடிக்கை. இந்த ரெண்டுல எது சரின்னாலும், இரு நூறு வருஷமா தனி வரிசைன்னு கெத்தா இருந்த தெள்ளு, தேள்-ஈ வரிசைக்குள்ள ஒரு கிளைதான்னு ஆயிடும். தனிக் கட்சி கரைஞ்சு தாய்க் கட்சியில ஐக்கியம்!

பாறைகள் வேற ஒரு ஆச்சரியத்தைக் கொடுத்தது. 2012-ல சீனாவுல கிடைச்ச ஜுராசிக் காலத்துத் தெள்ளுகளைப் பத்தி அறிக்கை வந்தது. வயசு சுமார் 16.5 கோடி வருஷம். நீளம் ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும்! இன்னிக்கு நம்ம தெள்ளு ரெண்டு, மூணு மில்லிமீட்டர்தான். அந்தக் காலத்து ஆளுக்குக் குதிக்கிற கால் கிடையாது. ஆனா வாய் மட்டும் ரம்பம் மாதிரி, நீளமா, தடியா இருக்கு. அப்போ டைனோசர்கள் இருந்த காலம். இறகு முளைச்ச டைனோசரைக் கடிச்சதா, சின்னப் பாலூட்டிகளைக் கடிச்சதான்னு விவாதம் போகுது. நல்லவேளை, அப்போ நாம இல்ல.

இந்தப் பாறை ஆராய்ச்சில ஒரு காமெடியும் உண்டு. சைபீரியாவுல கிடைச்ச ஸ்ட்ராஷிலாங்கிற ஒரு பூச்சியை 1992-ல, பறக்கும் ஊர்வனவற்றின் மேல ஒட்டி வாழ்ந்த ஒட்டுண்ணி, தெள்ளுக்குச் சொந்தம்னு சொல்லிட்டாங்க. பின்னங்கால் இடுக்கி மாதிரி பயங்கரமா இருந்தது. 2013-ல நல்ல மாதிரிகள் கிடைச்சுப் பார்த்தா, அதுக்கு றெக்கை இருக்கு, தண்ணி ஓரமா வாழ்ந்த சாதாரண ஈ வகை. ரத்தம் குடிச்சதுக்கு எந்த அடையாளமும் இல்ல. இருபது வருஷமா டெரர் வில்லனா இருந்தவர் ஒரே நாள்ல அப்பாவி ஆயிட்டார்.

2015-ல நடந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு, இன்னிக்கு இருக்கிற தெள்ளுகளோட பொது முன்னோர் கிரெட்டேசியஸ் காலத்துல, பாலூட்டிகளோட சேர்ந்து வளர்ந்ததுன்னு சொல்லுது. உடம்பைப் பார்த்தாலே தெரியும். பக்கவாட்டுல நசுங்கின மாதிரி தட்டையா இருக்கும், முடிக்கு நடுவுல சுலபமா ஓடறதுக்கு. முள் எல்லாம் பின்னால பார்த்து இருக்கும், இழுத்தாலும் முடில மாட்டிக்கிட்டு வராது. முழுக்க முழுக்க ரோமத்துக்குன்னே செஞ்ச டிசைன்.

ரோமம் இல்லாத குரங்கு மேல ரோமத் தெள்ளு எப்படி?

இங்கதான் எனக்குப் பிடிச்ச கேள்வி வருது. குரங்கு, சிம்பன்சி, கொரில்லாவுக்கெல்லாம் உடம்பு முழுக்க ரோமம். ஆனா அதுங்களுக்குன்னு சொந்தத் தெள்ளு கிடையாது. (குரங்கு குரங்குக்குப் பேன் பார்க்குதே, அது பேனும் அழுக்கும்தான்.) ஆடு, மாடு, மான் மாதிரி குளம்பு விலங்குகள் மேலயும் தெள்ளு ரொம்பக் கம்மி. ஆனா ரோமமே இல்லாத நமக்கு 'மனிதத் தெள்ளு'ன்னு ஒண்ணு இருக்கு. ஏன்?

விடை தெள்ளோட குழந்தைப் பருவத்துல இருக்கு. பெரிய தெள்ளு மட்டும்தான் ரத்தம் குடிக்கும். முட்டை விலங்கோட படுக்கைல உதிர்ந்து விழும். அதுல இருந்து வர்ற புழுவுக்குக் காலும் இல்ல, ரத்தம் குடிக்கிற வாயும் இல்ல. படுக்கைத் தூசி, தோல் செதில், பெரியவங்க போட்ட காய்ஞ்ச ரத்த எச்சம், இதைத் தின்னுதான் வளரும். அப்புறம் கூடு கட்டி உள்ளே காத்திருக்கும். ஆள் நடக்கிற அதிர்வு, சூடு, மூச்சுக்காத்து பட்டா வெளியே வரும். மாசக்கணக்குல பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கால் எல்லாம் கடி வாங்குறது இதனாலதான்.

ஆக, தெள்ளுக்கு ஒரு விலங்கு மட்டும் போதாது. அந்த விலங்குக்கு ஒரு நிரந்தர வீடு வேணும். வளை, குகை, கூடு, இப்படி எதாவது. சிம்பன்சி தினம் ஒரு மரத்துல புதுப் படுக்கை போடுது. மான் மேய்ஞ்சுக்கிட்டே இடம் மாறுது. அங்க விழுந்த முட்டைக்கு எதிர்காலமே இல்ல. நாம வேட்டையாடிக்கிட்டு நாடோடியாத் திரிஞ்ச வரைக்கும் நமக்கும் அதே பாதுகாப்பு இருந்தது. ஒரே இடத்துல படுக்க ஆரம்பிச்சோம், வைக்கோல் பாய் போட்டோம், நாய் பன்றியை எல்லாம் பக்கத்துல வெச்சோம். தெள்ளுக்கு நாம ஒரு பெரிய சைஸ் வளை விலங்கா ஆயிட்டோம். வீடு கட்டினதுக்கு நாம கொடுத்த வாடகைன்னு வெச்சுக்கோங்க.

அதனால 'மனிதத் தெள்ளு'ங்கிற பேரே கொஞ்சம் ஏமாத்து. பேன் மாதிரி இது நமக்குன்னே பொறந்தது இல்ல. நரி, வளைக்கரடி, பன்றி, நாய்னு பல பேர் மேல வாழும். நாமளும் அந்த லிஸ்ட்ல ஒருத்தர், அவ்வளவுதான்.

இதுக்குச் சொந்த ஊர் எது? புலெக்ஸ் பேரினத்துல இருக்கிற மத்த இனங்கள் எல்லாம் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு. இரிட்டன்ஸ் மட்டும்தான் உலகம் சுத்தின வாலிபன். அப்போ இதுவும் அமெரிக்காவுல பொறந்ததாத்தான் இருக்கணும். 1989-ல பக்லண்டும் சாட்லரும் எழுதின ஒரு கட்டுரைல, தென் அமெரிக்காவோட கினிப்பன்றி இதோட ஆதி வீடா இருக்கலாம்னு சொன்னாங்க. சரி, அப்போ கொலம்பஸ் கப்பல்ல வந்ததுன்னு முடிச்சுடலாமா? முடியாது. எகிப்துல அமர்னாங்கிற இடத்துல, சுமார் 3300 வருஷம் பழைய தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டினப்போ இதே தெள்ளு கிடைச்சது. இங்கிலாந்துல யார்க் நகரத்து வைக்கிங் வீடுகள்லயும், கிரீன்லாந்துல இருந்த நார்ஸ் பண்ணைகள்லயும் கிடைச்சது. எல்லாம் கொலம்பஸுக்கு முந்தி. அதனால அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவுல இருக்கிற பெரிங் பகுதி வழியா, ஏதோ விலங்கு மேலயோ தோல் மூட்டையிலயோ ஏறி வந்திருக்கணும்னு கணக்கு. கொலம்பஸ் அந்தப் பக்கம் போறதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இது இந்தப் பக்கம் வந்து செட்டில் ஆயிருக்கு!

கால் விரல்ல குடியேறினவர்

அண்ணன் இப்படின்னா தம்பி துங்கா வேற மாதிரி. இதுவும் அமெரிக்க வெப்ப மண்டலத்துக்காரர். பெண் தெள்ளு நம்ம கால் விரல் இடுக்குல, நகத்தடில தோலுக்குள்ள புகுந்துக்கும். பின்பக்கம் மட்டும் மூச்சு விடவும் முட்டை போடவும் வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். உள்ளேயே உப்பி ஒரு பட்டாணி சைஸுக்கு வந்துடும். நடக்க முடியாது, சீழ் பிடிக்கும், விரலே போயிடும் சில பேருக்கு. (டிஸ்கி போட்டது இதுக்குத்தான்.)

கொலம்பஸோட போன ஸ்பானியர்கள் இதுகிட்ட மாட்டி அவதிப்பட்டாங்க. ஆனா ஆப்பிரிக்காவுல இது நிலையாக் கால் ஊன்றினது ரொம்பப் பிற்பாடு. 1872-ல பிரேசில்ல இருந்து தாமஸ் மிட்செல்ங்கிற கப்பல் அங்கோலாவுக்கு வந்தது. பாரத்துக்காக ஏத்தின மணல்ல இது இருந்தது. அங்கிருந்து வணிகக் கூட்டங்கள், படைகள் வழியா கண்டத்தையே குறுக்கே நடந்து, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள கிழக்குக் கரையையும் மடகாஸ்கரையும் தொட்டுடுச்சு. ஒரு மில்லிமீட்டர் பூச்சி, ஒரு தலைமுறைக்குள்ள! இன்னிக்கும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவுல செருப்பும் சிமெண்ட் தரையும் இல்லாத ஏழை வீடுகள்லதான் இதோட ஆட்டம். 2017-ல உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரித் தோல் ஒட்டுண்ணிகளையும் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியல்ல சேர்த்தது.

வங்கிக்காரரும் பிரமிடு தெள்ளும்

இப்போ வில்லன். ரோத்ஸ்சைல்டு குடும்பம் தெரியும் இல்லையா, ஐரோப்பாவோட பெரிய வங்கிக் குடும்பம். அதுல சார்லஸ் ரோத்ஸ்சைல்டு (1877–1923) பகல்ல வங்கி வேலை, மத்த நேரம் தெள்ளு. உலகம் முழுக்க ஆள் வெச்சு தெள்ளு சேகரிச்சார். இங்கிலாந்துல ட்ரிங்கிற ஊர்ல இருந்த குடும்ப அருங்காட்சியகத்துல கார்ல் ஜோர்டன்ங்கிற பூச்சியியலாளரோட சேர்ந்து நூத்துக்கணக்கான புது இனங்களை விவரிச்சார். ஊர்ல எல்லாரும் சிரிச்சிருப்பாங்க. காசு இருக்கு, பொழுது போகல, தெள்ளு பிடிக்கிறான்யா மனுஷன்னு.

1901-ல சூடான்ல ஷெண்டிங்கிற இடத்துல அவர் ஒரு தெள்ளு பிடிச்சார். 1903-ல அதுக்கு, பெரிய பிரமிடைக் கட்டின சியோப்ஸ் மன்னன் பேரை வெச்சார். செனாப்சில்லா சியோபிஸ். அந்த நேரத்துல அது இன்னொரு தெள்ளு. சீக்கிரத்துலயே உலகத்தோட மிகக் கொடிய பூச்சிகள்ல ஒண்ணா ஆயிடுச்சு.

ஏன்னா அதே சமயம் இந்தியாவுல பிளேக். 1896-ல பம்பாய்ல நுழைஞ்சது. அடுத்த இருபது, முப்பது வருஷத்துல இந்தியாவுல ஒரு கோடிப் பேருக்கு மேல செத்தாங்க. எப்படிப் பரவுதுன்னு யாருக்கும் தெரியல. காத்துல வருது, மண்ணுல வருது, சாக்கடைல வருதுன்னு ஆளுக்கொரு பேச்சு. வெள்ளைக்கார அரசாங்கம் வீடு வீடாப் புகுந்து சோதனை போட்டது, சாமானை எரிச்சது, சுவத்துல மருந்தடிச்சது, நோயாளிகளை இழுத்துட்டுப் போச்சு. அந்தக் கொடுமைலதான் 1897-ல பூனாவுல பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டாங்க. இவ்வளவு ரகளைக்கும் நடுவுல, உண்மையான குற்றவாளி மேல ஒரு துளி சந்தேகம் கூட யாருக்கும் வரல.

ஒருத்தருக்கு வந்தது. பால் லூயி சிமோன், பாஸ்டர் நிறுவனத்துல இருந்து வந்த பிரெஞ்சு டாக்டர். அப்பதான் செத்த எலியைத் தொட்டவங்களுக்கு நோய் வருது. ஒரு நாள் கழிச்சு, ஆறிப்போன எலியைத் தூக்கினா வரலைன்னு கவனிச்சார். நோயாளி உடம்புல பூச்சிக்கடி மாதிரி சின்னக் கொப்புளமும் பார்த்தார். எலி உடம்பு ஆறினதும் அதை விட்டுப் போறது எது? 1898 ஜூன் 2, கராச்சி. கண்ணாடிக் கூண்டுல, தெள்ளு உள்ள ஒரு பிளேக் எலியை வெச்சார். அது சாகுற நிலைமைக்கு வந்ததும், தொட முடியாதபடி கம்பி வலைக்குள்ள ஒரு நல்ல எலியை வெச்சார். அதுவும் சில நாள்ல பிளேக்ல செத்தது. குறுக்கே போக முடிஞ்சது தெள்ளு மட்டும்தான்.

பாராட்டினாங்களான்னா, கிண்டல்தான் பண்ணாங்க. அப்புறம் 1905-ல பிளேக் ஆராய்ச்சிக் குழு பம்பாய்ல வேலையை ஆரம்பிச்சு, தரைல ஒரு கூண்டு, தெள்ளு குதிச்சு எட்ட முடியாத உயரத்துல ஒரு கூண்டுன்னு கினிப்பன்றிகளை வெச்சுப் பார்த்தாங்க. தரைல இருந்தது செத்தது, மேல இருந்தது பொழைச்சது. சிமோன் சொன்னது சரிதான்னு ஆச்சு. அந்தத் தெள்ளு, ரோத்ஸ்சைல்டு பேர் வெச்ச சியோபிஸ். 1914-ல லண்டன் லிஸ்டர் நிறுவனத்துல பேகாட், மார்ட்டின் ரெண்டு பேரும் மீதியையும் கண்டுபிடிச்சாங்க. கிருமி தெள்ளோட இரைப்பை வாசல்ல பெருகி அடைச்சுக்குது. குடிச்ச ரத்தம் உள்ளே போகாது. பசி வெறில அது திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒவ்வொரு கடிலயும் அடைப்புல பட்ட ரத்தம் கிருமியோட திரும்பி நம்ம உடம்புக்குள்ள போகும். அந்தத் தெள்ளும் பட்டினியாத்தான் சாகுது, பாவம்.

சென்னை ஏன் தப்பிச்சது?

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன விஷயம். பம்பாய், பஞ்சாப் எல்லாம் பிணக்காடா இருந்தப்போ, சென்னை நகரம் பெரிய அளவுல பிளேக் இல்லாம தப்பிச்சது. துறைமுகம் இருக்கு, ஜனநெருக்கடி இருக்கு, எலிக்கும் பஞ்சம் இல்ல. அப்புறம் எப்படி?

கொழும்பு மாநகர சபைல நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரா இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட், 1913 வாக்குல அந்த ஊர் எலித் தெள்ளுகளை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தார். எல்லாரும் சியோபிஸ்னு நெனச்சுக்கிட்டிருந்தது சியோபிஸே இல்ல. 1911-ல ரோத்ஸ்சைல்டு பிரிச்சுப் பேர் வெச்ச இன்னொரு இனம், செனாப்சில்லா ஆஸ்டியா. வெறும் கண்ணுக்கு ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. பெண் தெள்ளு வயித்துக்குள்ள இருக்கிற விந்துப் பையோட வடிவம், ஆணோட இனப்பெருக்க உறுப்பு, இதைப் பார்த்துதான் பிரிக்கணும். சென்னைலயும் ஆஸ்டியாதான் ஆதிக்கம். ஆஸ்டியா பிளேக் பரப்புறதுல மகா சோம்பேறி. 1914-ல கொழும்புக்குள்ள பிளேக் நுழைஞ்சப்போ, அது பிடிச்ச இடம் தானியக் கிடங்குகள் பக்கம். வெளியூர்ல இருந்து வந்த சரக்கோட சியோபிஸ் குடியேறியிருந்த இடம் அது.

சென்னையோட சூடும் ஒரு காரணம்னு சொல்லுவாங்க. வெயில் ஏறினா அந்த இரைப்பை அடைப்பு சரியா உருவாகாது. ரெண்டும் சேர்ந்துதான் காப்பாத்தியிருக்கு. தமிழ்நாடு முழுக்கத் தப்பிச்சதுன்னு நெனச்சுடாதீங்க. கோயம்புத்தூர் பக்கம் பிளேக் ஆடின ஆட்டத்துக்கு, அங்க இன்னிக்கும் இருக்கிற பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி. கம்பம் பள்ளத்தாக்குல அது வருஷக்கணக்கா விடாம இருந்ததால 1930கள்ல தனியா ஆராய்ச்சியே நடந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு பணக்காரரோட வெட்டிப் பொழுதுபோக்குன்னு நெனச்ச அந்த வகைப்பாடு இல்லேன்னா, எந்தத் துறைமுகத்துல எந்தச் சரக்கைத் தடுக்கணும்னு சொல்லவே முடியாது. ஆஸ்டியா இருக்கிற ஊருக்குள்ள சியோபிஸ் இறங்குதாங்கிறதைக் கவனிச்சா, ஆபத்தை முன்கூட்டியே சொல்லலாம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரைக்கும் 'எலி மேல தெள்ளு'ங்கிற ஒரே வரிதான் கைல இருந்தது.

1923-ல சார்லஸ் நோயோட போராடி, மனம் உடைஞ்சு தற்கொலை பண்ணிக்கிட்டார். அவரோட சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போச்சு. பள்ளிக்கூடமே போகாம வளர்ந்த அவர் மகள் மிரியம் (1908–2005), அப்பாவோட தெள்ளுகளை எடுத்து 1953-ல இருந்து தொகுதி தொகுதியா விவரப் பட்டியல் போட்டாங்க. ஐரோப்பிய முயல் தெள்ளு, தாய் முயலோட கர்ப்ப ஹார்மோனைப் பார்த்துத்தான் தன்னோட முட்டையை முதிர வைக்குதுன்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். முயல் குட்டி போடற நேரத்துக்குத் தெள்ளும் ரெடி. இது மாதிரி டைமிங் நம்ம ரிலீஸ் ப்ளான்ல கூட வராது.

கிருமி கத்துக்கிட்ட வித்தை

பரிணாமம் தெள்ளுக்கு மட்டுமா? கிருமியும் கத்துக்கிட்டிருக்கு. தெள்ளு வயித்துல பொழைச்சிருக்க பிளேக் கிருமிக்கு ஒய்.எம்.டி.ன்னு ஒரு மரபணு தேவைன்னு 2002-ல தெரிஞ்சது. 2015-ல வெண்கலக் கால எலும்புகள்ல, பல்லுல கிடைச்ச பழைய பிளேக் கிருமியைப் பார்த்தா அதுல இந்த மரபணு இல்ல. அதாவது பிளேக் இருந்தது, ஆனா தெள்ளு சவாரி தெரியாத பிளேக். 2018-ல ரஷ்யாவோட சமாரா பகுதில கிடைச்ச 3800 வருஷப் பழைய எலும்புல அந்த மரபணு இருந்தது. தெள்ளுல ஏறத் தெரிஞ்ச பின்னாடிதான் அது உலகத்தையே கலக்குச்சு.

பழைய 'மனிதத் தெள்ளு'க்கும் இதுல பங்கு உண்டாங்கிறது இப்போதைய சர்ச்சை. 2018-ல வந்த ஒரு ஆய்வு, ஐரோப்பால நடந்த ஒன்பது பழைய பிளேக் பரவல்களோட சாவுக் கணக்கைக் கணினி மாதிரியோட பொருத்திப் பார்த்தது. ஏழுல எலியை விட, மனுஷத் தெள்ளும் உடல் பேனும் பரப்பியதா வெச்ச மாதிரிதான் நல்லாப் பொருந்துச்சு. புலெக்ஸுக்கு அந்த இரைப்பை அடைப்பு சரியா வராதே, எப்படிப் பரப்பும்னு எதிர்க்கட்சி கேக்குது. ஆனா மடகாஸ்கர்ல பிளேக் ஊர்கள்ல பிடிச்ச புலெக்ஸ்ல கிருமி இருந்திருக்கு. வழக்கு நிலுவையில்.

கொசுறு: ஐரோப்பால ஒரு காலத்துல தெள்ளு சர்க்கஸ் ரொம்பப் பிரபலம். குட்டி வண்டி எல்லாம் இழுக்க வெப்பாங்க. அதுக்குப் பெரும்பாலும் மனிதத் தெள்ளுதான் நடிகர். வாஷிங் மெஷினும் வாக்குவம் கிளீனரும் வந்தப்புறம் வீடுகள்ல தெள்ளே கிடைக்காம சர்க்கஸ்காரங்க பாடு திண்டாட்டம் ஆயிடுச்சு. தூசியும் வைக்கோலும் உள்ள வீட்டோட வந்த விருந்தாளி, வீடு சுத்தமானதும் மூட்டையைக் கட்டிட்டார். அவர் காலி பண்ண இடத்துலதான் இப்போ பூனைத் தெள்ளு உட்கார்ந்திருக்கு. உங்க வீட்டு நாயை ஒரு தடவை நல்லா சீவிப் பாருங்க மக்கா.